அரக்கன் விழுங்கிய ஆன்மா என்ன ஆகிறது?

மாயக் கற்பனை விளையாட்டுகளில் சாவு அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நடத்தும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 5ஆம் பதிப்பை (2014) எடுத்துக்கொள்ளுங்கள். 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் கையில் இருந்தால், இறந்து ஒரு நிமிடத்துக்குள் ஆளை எழுப்பிவிடலாம். நிமிடம் தாண்டிவிட்டதா? 500 பொற்காசு வைரத்துக்குப் பத்து நாள் அவகாசம் உண்டு. 1,000 பொற்காசு வைரம் என்றால் நூறு ஆண்டு. 25,000 பொற்காசுக்கு வைரம் சேர்க்க முடிந்தவர், 200 ஆண்டுகளுக்குள் இறந்து உடலே மிஞ்சாமல் போனவரைக்கூட மீட்டுக்கொண்டு வரலாம். தக்க மந்திரம் தெரிந்த குருமார் ஒருவர் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாவே இப்படிச் செலவுக் கணக்காகிவிட்ட உலகத்தில் ஆட்டக்காரரை எதைக் காட்டிப் பயமுறுத்துவது? உடலைக் கொல்வதோடு நிற்காமல் ஆன்மாவையும் தின்றுவிடும் அரக்கனைக் காட்டித்தான். புதிதாக இந்த உலகங்களுக்குள் வருகிறவர்கள் உடனே கேட்பார்கள்: தின்றபின் அந்த ஆன்மா எங்கே போகும்? செரித்துவிடுமா, உள்ளேயே விழித்திருக்குமா, வயிற்றைக் கிழித்தால் வெளியே வருமா? விடை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஒரே ஆட்டத்துக்குள் அரக்கனுக்கு அரக்கன் மாறும். ஆனால் இந்த விடைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்று புலப்படும். எல்லாமே திரும்பி வரும் வழியை எவ்வளவு தூரம் அடைப்பது என்பதைப் பற்றியவைதான். மறுவுலகத் தத்துவம் போலத் தோன்றுவது, பெரும்பாலும் உயிர்ப்பிக்கும் மந்திரத்துக்குப் போட்ட பூட்டு.

அந்தப் பூட்டு எங்கே பொருந்துகிறது என்று பார்க்க, மந்திரங்களின் வாசகத்தையே படிக்க வேண்டும். இறந்தவரை எழுப்பும் பெரிய மந்திரங்கள் மூன்றும் வைரத்தோடு இன்னொரு நிபந்தனையையும் வைக்கின்றன: இறந்தவரின் ஆன்மா திரும்பி வர விரும்ப வேண்டும், வருவதற்குச் சுதந்திரமாகவும் இருக்க வேண்டும். விருப்பம் இறந்தவர் கையில். சுதந்திரம்தான் அரக்கனின் குறி. ஆன்மா எங்கோ அடைபட்டுக் கிடந்தால் எவ்வளவு பெரிய வைரம் கொடுத்தும் பயனில்லை.

யாரும் குறுக்கிடாவிட்டால் ஆன்மா எங்கே போகும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. வழி தெரிந்தால்தான் வழிப்பறி புரியும். இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் நன்மை–தீமை, ஒழுங்கு–ஒழுங்கின்மை என்ற இரண்டு அளவுகோல்களில் ஓர் இடம் உண்டு. இறந்தபின் ஆன்மா அந்த இடத்துக்கு ஏற்ற மறுவுலகத்துக்கோ தான் வணங்கிய தெய்வத்தின் நாட்டுக்கோ போய்ச் சேரும். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற உலகத்தில் இடையில் ஒரு காத்திருப்பு நிலம்கூட உண்டு: ஃபியூக் தளம். அங்கே இறந்தோரின் நீதிபதி கெலம்வோர் ஆட்சி செய்கிறார். தெய்வங்களின் தூதர்கள் வந்து தத்தம் பக்தர்களை அழைத்துப் போகும் வரை ஆன்மாக்கள் சாம்பல் வெளியில் நிற்கும். அங்கும் நிம்மதி இல்லை. டெவில்கள் கெலம்வோரின் அனுமதியோடு வந்து பேரம் பேசுகின்றன. டீமன்கள் அனுமதி ஏதும் கேட்காமல் புகுந்து ஆன்மாக்களை அள்ளிக்கொண்டு போகின்றன.

டெவில், டீமன் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டெவில் ஒப்பந்தம் போடும், கையெழுத்து வாங்கும், வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றும்; அதன் தீமைக்குச் சட்டம் உண்டு. டீமனுக்குச் சட்டமே கிடையாது. அதனால் டெவிலிடம் போன ஆன்மா பெரும்பாலும் எங்காவது கணக்கில் இருக்கும். டீமனிடம் போனதைத்தான் தேட வேண்டியிருக்கும்.

நம் வாசகருக்கு இங்கே ஒரு தடை வரலாம். சைவ சித்தாந்தத்தில் உயிர் அநாதியானது. இறைவனும் அதைப் படைக்கவில்லை, அழிப்பதும் இல்லை. அந்தப் பின்னணியில் வளர்ந்தவருக்கு ‘ஆன்மா செரித்துவிட்டது’ என்ற வாக்கியமே அபத்தமாகத் தோன்றும். இந்த விளையாட்டுகளில் ஆன்மா ஒருவகைப் பொருள். எடை போடலாம், விற்கலாம், எரிக்கலாம். அதை ஒப்புக்கொண்டால்தான் மேலே போக முடியும்.

நானறிந்த வரையில் இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவாக விடை சொல்லும் உயிரினம் பார்கெஸ்ட். காப்ளின் என்ற குட்டிப் பூத இனத்தின் கூட்டத்தில் காப்ளின் குட்டியாகவே பிறந்து, பின்னால் ஓநாய் போன்ற தன் உருவத்துக்கு மாறத் தெரிந்துகொள்ளும் அரக்கன் இது. இதன் பின்கதை ஒரு கடன் தகராறு. காப்ளின்களின் பெருந்தெய்வம் மக்லுபியெட், கெஹென்னா என்ற தீய மறுவுலகத்தின் தளபதி ஒருவனிடம் உதவி வாங்கிவிட்டுப் பேசியபடி நடக்கவில்லை. ஏமாந்த தளபதி பார்கெஸ்டுகளைப் படைத்து காப்ளின்கள் நடுவே அனுப்பினான். இறந்த காப்ளின்களின் ஆன்மாக்கள் ஆக்கெரான் என்ற தளத்தில் மக்லுபியெட்டின் சேனையில் சேர்ந்து, ஓர்க் என்ற மூர்க்க இனத்தோடு முடிவில்லாப் போர் நடத்த வேண்டியவை. பார்கெஸ்ட் தின்னும் ஒவ்வோர் ஆன்மாவும் அந்தச் சேனையில் ஒரு சிப்பாய் குறைவு. 17 காப்ளின் ஆன்மாக்களைத் தின்றுவிட்டால் பார்கெஸ்ட் கெஹென்னாவுக்குத் திரும்பலாம். பசிக்காகத் தின்னவில்லை, பழிக்காகத் தின்கிறது. இந்த வகைக் கதைகளில் இவ்வளவு தெளிவான நோக்கம் உள்ள அரக்கன் அபூர்வம்.

அதன் விதி 5ஆம் பதிப்பில் இப்படி இருக்கிறது. பார்கெஸ்ட் தானே கொன்ற, இறந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாத ஒருவரைத் தின்னலாம். தின்ன ஒரு நிமிடமாவது ஆகும். உடல் அழிந்துவிடும். ஆன்மா 24 மணி நேரம் அதன் உள்ளே சிறைப்பட்டிருக்கும், அதன்பின் செரித்துவிடும். அதற்குள் பார்கெஸ்டைக் கொன்றால் ஆன்மா விடுபடும். உள்ளே இருக்கும்போதே மந்திரம் போட்டு அழைக்கலாம். ஆனால் பலிக்க 50 சதவீத வாய்ப்புத்தான். அதிலும் உடல் இல்லாமலே செயல்படக்கூடிய மந்திரமாக இருக்க வேண்டும். செரித்தபின் மனிதர் கையிலுள்ள எந்த மந்திரமும் உதவாது.

2000ஆம் ஆண்டையொட்டி வந்த 3ஆம் பதிப்பில் இந்த 24 மணி நேரக் கெடு கிடையாது. தின்னப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு முறைதான் பகடை. மிக உயர்ந்த மந்திரங்களுக்கே பாதி வாய்ப்பு, தவறினால் முடிந்தது. புதிய விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பழைய விதி துக்கத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். புதியது ஒரு துரத்தலைக் கொடுக்கிறது: நண்பன் அந்த ஓநாயின் உள்ளே இருக்கிறான், நாளை இந்நேரம் இருக்க மாட்டான். ஆன்மாவின் இயல்பைப் பற்றி ஆழ்ந்து யோசித்து யாரும் 24 மணி நேரம் என்று குறிக்கவில்லை. ஒரு மாலை ஆட்டத்துக்குத் தேவையான பதற்றம் அதில் இருக்கிறது, அதனால் குறித்தார்கள்.

அதே 24 மணி நேரம் லிச்சிடமும் உண்டு. சாகாமல் இருப்பதற்காகத் தன் உயிரை ஒரு பேழையில் ஒளித்துவைத்த மந்திரவாதி அவன். அரக்கன் அல்ல, ஆனால் பழக்கம் அதே. அந்தப் பேழைக்கு அவ்வப்போது பிறருடைய ஆன்மாவைத் தீனி போட வேண்டும். உள்ளே அடைபட்ட ஆன்மா ஒரு நாளில் முற்றாக அழியும். பிறகு தெய்வமே குறுக்கிட்டால்தான் உண்டு. தீனி போட மறந்த லிச்சின் உடல் உதிர்ந்து, கடைசியில் மண்டையோடு மட்டும் மிஞ்சும்.

இந்த யோசனையை உலக அளவுக்குப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ‘டூம் ஆஃப் அனைஹிலேஷன்’ (2017) என்ற சாகசத் தொகுப்பு விடை. அசெரெராக் என்ற லிச், சுல்ட் காட்டின் கல்லறை ஒன்றில் ஆன்மாக்களைப் பிடித்துவைக்கும் கருவியை ஓடவிட்டிருக்கிறான். பிடிபட்ட ஆன்மாக்கள், பிறக்காமலே செத்த ஒரு தெய்வக் கருவுக்கு உணவு. விளைவு: உலகத்தில் யாரையும் உயிர்ப்பிக்க முடியவில்லை, முன்பு உயிர்ப்பிக்கப்பட்டவர்கள் நாளுக்கு நாள் வாடிச் சாகிறார்கள். வைரம் வைத்திருந்த செல்வந்தர்களுக்கு முதல்முறையாகச் சாவு பயம் வருகிறது. நான் சொன்ன பூட்டு இங்கேதான் அப்பட்டமாகத் தெரிகிறது. ஒரு மந்திரத்தைச் செயலிழக்கச் செய்வதே முழுக் கதைக்கும் அடித்தளம்.

சரி, டீமன்களே தின்றால்? அபிஸ் என்ற அவற்றின் அடியுலகத்துக்கு வந்து விழும் கொடியவர்களின் ஆன்மாக்கள் மேன் என்ற உயிரினங்களாக மாறுகின்றன. டீமன்களில் கடைசித் தட்டு. வீங்கிய, அறிவற்ற பிறவிகள். சாதாரணமாக மேனைக் கொல்ல முடியாது. நாற்றப் புகையாகக் கலைந்து மறுநாள் இன்னொரு மேனாகச் சேர்ந்துவிடும். ஆனால் டீமன் பிரபுக்கள் மேன்களைத் தின்கிறார்கள். தின்ற மேன் அடியோடு இல்லாமல் போகிறது. லிச்சின் பேழைக்குச் சொன்ன ‘தெய்வம் குறுக்கிட்டால்’ என்ற விலக்கு இங்கே இல்லை. பார்கெஸ்டுக்குத் தந்த அவகாசமும் இல்லை. காரணம் எளிது. மேனைத் தேடி வரப்போகும் ஆட்டக்காரர் எவருமில்லை. தேடி வர ஆளில்லாத இடத்துக்கு ஆட்டம் கதவு வைப்பதில்லை.

எல்லா ஆன்மாவும் தின்னப்படுவதில்லை. சில சந்தைக்குப் போகின்றன. நைட் ஹாக் எனப்படும் சூனியக்கிழவி, தூங்குபவரின் கனவில் புகுந்து இரவுக்கிரவு உயிர்ச்சக்தியைக் குறைப்பாள். இறந்தவர் தீயவராக இருந்தால் ஆன்மா அவள் பையில். நல்லவரின் ஆன்மா அவளிடம் சிக்காது; கொலை செய்வதற்கு முன்பே ஒருவரைக் கெடுத்துவைப்பதில் அவளுக்கு இருக்கும் அக்கறை இதனால்தான். டெவில்களிடம் ஆன்மா நாணயமாகவே புழங்குகிறது. இதே ஆட்டத்தை வைத்து வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ (2023) என்ற கணினி விளையாட்டை விளையாடியவர்களுக்கு அந்த நாணயம் நினைவிருக்கும்; கார்லக் என்ற தோழியின் நெஞ்சில் எரியும் நரக இயந்திரத்துக்கு அதுதான் எரிபொருள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே ஆட்டக் குடும்பம். பாத்ஃபைண்டர் (முதல் விதிநூல் 2009) அதிலிருந்து பிரிந்து வந்தது. ஆனால் இந்தக் கேள்வியைத் தாய் ஆட்டத்தைவிடக் கவனமாக யோசித்திருக்கிறது. அங்கே தீய உயிர்களில் டெவில், டீமன் இரண்டோடு மூன்றாவதாக டேமன் என்றொரு இனம் உண்டு. டேமன்களின் ஊர் அபடான். தலைவர்கள் நான்கு குதிரைவீரர்கள். டெவிலுக்கு ஆட்சி வேண்டும். டீமனுக்கு நாசம் வேண்டும். டேமனுக்கு ஒன்றே ஒன்று: உயிர் என்று எதுவும் மிஞ்சக் கூடாது. டேமன்களின் ஒவ்வொரு வகையும் ஒரு சாவுமுறையின் உருவம். பட்டினிச் சாவுக்கு ஒன்று, நீரில் மூழ்கிச் சாவதற்கு ஒன்று, முதுமைச் சாவுக்குக்கூட ஒன்று. அபடானுக்குத் தீர்ப்பாகும் ஆன்மாக்களுக்கு ‘வேட்டையாடப்படுவோர்’ என்றே பெயர். பெரும்பாலானவை தின்னப்படும், நீண்ட காலம் தப்பிப் பிழைத்த சில, தாமே டேமன்களாகிவிடும்.

இதில் உண்மையில் இழப்பு யாருக்கு? பாத்ஃபைண்டரின் பிரபஞ்சத்தில் ஆன்மாக்கள் ஓர் ஆற்றைப் போல ஓடுகின்றன. பிறப்பாற்றலின் தளத்தில் தோன்றி, உடலில் வாழ்ந்து, இறந்து, போன்யார்ட் என்ற இடத்தில் ஃபராஸ்மா தேவியின் தீர்ப்பைப் பெற்று, உரிய மறுவுலகத்துக்குப் போகின்றன. காலப்போக்கில் அந்த உலகத்தின் மண்ணோடு மண்ணாகக் கலக்கின்றன. மறுவுலகங்களின் ஓரங்கள் மெல்லக் கரைந்து, அந்தச் சாரம் மீண்டும் ஆன்மாக்கள் பிறக்கும் இடத்துக்கே சேர்கிறது. ஆகவே அங்கே ஒரு ஆன்மாவைத் தின்பது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த கொடுமை அல்ல. சுழற்சியிலிருந்து ஒரு பங்கு நிரந்தரமாகக் குறைகிறது. நல்லவர், கெட்டவர் இருவரையும் சமமாகப் பார்க்கும் ஃபராஸ்மாவின் ஊழியர்கள், ஆன்மா திருடர்களை மட்டும் தயவில்லாமல் வேட்டையாடுவது இதனால்தான்.

எதிர்பாராத திருப்பம் டேமன்களில் மிகச் சிறியதிடம் இருக்கிறது. காக்கோடேமன் என்பது வாயும் பல்லுமாக மிதந்து திரியும் ஓர் உருண்டை. இறந்து ஒரு நிமிடத்துக்குள் ஒருவரின் ஆன்மாவை அது விழுங்கினால், குடலில் ஒரு மணிக்கல் வளரும். அதைக் கக்கவும் முடியும். கல்லை உடைத்தால் ஆன்மா விடுபட்டுத் தன் வழியே போகும். ஆனால் இறந்தவர் எழுந்துவிட மாட்டார். கல் உடையாத வரை உயிர்ப்பிக்கும் மந்திரம் போடுபவர் ஒரு தடையைத் தாண்டியாக வேண்டும். அந்தக் கல்லை இன்னொரு தீய உயிர் தின்றால்? அழிவு என்றுதான் யாரும் நினைப்போம். முதல் பதிப்பின் விதி வேறு சொல்கிறது: அந்த ஆன்மா நரகம் போன்ற கீழுலகம் ஒன்றுக்குப் போய்ச் சேருகிறது, தின்றவனுக்குச் சில நொடிகள் காயம் ஆறுகிறது. விழுங்குவது இங்கே ஒரு நாடுகடத்தல். நல்லவரின் ஆன்மாவையும் தீர்ப்பே இல்லாமல் நரகத்தில் தள்ளிவிடும் குறுக்குவழி. அழிவைவிட இது கொடுமையானது என்பது என் எண்ணம்.

பாத்ஃபைண்டரின் டீமன்களோ ஆன்மாவைத் தின்று பெருகுவதைவிட, ஆன்மாவிலிருந்தே பிறக்கின்றன. அபிஸில் விழுந்த பாவியின் ஆன்மா புழுவாகி, செய்த பாவத்துக்கு ஏற்ற டீமனாக உருவெடுக்கும்: சினம் வ்ராக் ஆகும், சோம்பல் டிரெட்ச் ஆகும்.

கணினி விளையாட்டுகளில் விளையாடுகிறவரே விழுங்குபவராகவும் இருக்கலாம். ‘ஸ்கைரிம்’ (2011) இதற்கு நல்ல சான்று. அங்கே அல்டுயின் என்ற கரிய டிராகன் செத்துப்போன டிராகன்களை ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டிருக்கிறது. டிராகனை வீரர்கள் கொல்லலாம். ஆனால் அல்டுயின் மறுபடி எழுப்பிவிடும். கதாநாயகன் மட்டும் கொன்ற டிராகனின் ஆன்மாவைத் தன்னுள் உறிஞ்சிக்கொள்கிறான். அதன்பின் எழுப்புவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. பார்கெஸ்ட் காப்ளின்களுக்குச் செய்வதைத்தான் நாம் டிராகன்களுக்குச் செய்கிறோம். பின்னணி இசை மட்டும் வீரமாக ஒலிக்கிறது. அல்டுயினும் சும்மா இல்லை. மாவீரர்கள் சேரும் சொவ்ன்கார்டில் மூடுபனி பரப்பி, வழிதவறும் ஆன்மாக்களைத் தின்று வலுவேற்றுகிறது. அதே விளையாட்டில் மனித ஆன்மாவைக் கறுப்பு மணிக்கல்லில் அடைத்து வாளுக்கு மந்திரம் ஏற்றலாம். பயன்பட்ட ஆன்மா எங்கே போகிறது என்பதை ‘டான்கார்ட்’ என்ற துணைப்பகுதி (2012) காட்டுகிறது: சோல் கெயிர்ன் என்ற வெளிறிய தரிசு. அங்கே போய் அவர்களோடு பேசலாம். அதைப் பார்த்தபின் அந்தக் கற்களைக் கூச்சமின்றிப் பயன்படுத்துகிறவர்கள் கல்நெஞ்சர்கள்.

‘டீமன்ஸ் சோல்ஸ்’ (2009) உடலின் பக்கமிருந்து பார்க்கிறது. ஆன்மாவைப் பறிகொடுத்தவர்கள் சாவதில்லை. புத்தி பேதலித்து, ஆன்மா மிஞ்சியிருப்பவர்கள் மேல் பாய்கிறார்கள். பறித்த ஆன்மாக்கள் ‘பழையவன்’ என்ற பெரும்பூதத்துக்குத் தீனி.

முதல்முறை இப்படியொரு ஆட்ட மேஜையில் உட்காருகிறவர், தோழர் விழுங்கப்பட்ட மறுகணம் ஆட்டத்தை நடத்துபவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. எந்தப் பதிப்பின் விதி? ஆன்மா உள்ளே எவ்வளவு நேரம் இருக்கும்? உடல் மிஞ்சியதா? அரக்கன் செத்தால் விடுபடுமா? விடை தெரியாமல் வைரத்தைச் செலவழிக்க வேண்டாம். விதிநூலில் ‘அழிந்தது’ என்று எழுதியிருந்தாலும், நடத்துபவர் மனம் வைத்தால் தெய்வத்தின் காலில் விழ ஒரு சாகசத்தைத் திறந்துவிடுவார். அந்த உரிமை அவருக்கு உண்டு. எதிரி பார்கெஸ்டாக இருந்தால் மந்திரவாதியின் நெருப்பை மட்டும் அடக்கிவையுங்கள். பத்தடி உயரமோ அகலமோ உள்ள தீயில் சிக்கிய பார்கெஸ்ட், பகடை கைவிட்டால், அந்தக் கணமே கெஹென்னாவுக்குத் தூக்கி எறியப்படும். வயிற்றில் இருக்கும் உங்கள் தோழரும் கூடவே போய்விடுவார். கெடுவோ 24 மணி நேரம்.